சீட்டு யார் பெயரில், செலவு யார் தலையில்?

(லுணுகலையில் நடைபெற்ற கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



அரசியல் மேடையில் என்னைக் கண்டு பழகியவர்கள், இன்றும் தேர்தலைப்பற்றித்தான் பேசுவான் என்று எண்ணி வந்திருக்கலாம். அவர்கள் என்னை மன்னிப்பார்களாக. இன்று நான் பேச வந்திருப்பது ஒரு சீட்டுக் குலுக்கலைப்பற்றி. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் அமெரிக்க அரசு நடத்தும் எச்-1பி என்னும் தொழில் விசாக் குலுக்கலே அது. லுணுகலைக்கும் அமெரிக்கக் குலுக்கலுக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. அதற்குரிய விடை சென்ற ஆண்டு என் அலுவலகப் படியேறி வந்தது.

வந்தவர் இப்பகுதித் தோட்டமொன்றில் 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு தாய். கையில் ஒரு பற்றுச்சீட்டு. அதில் "அமெரிக்க வேலை முன்பதிவுக் கட்டணம், ரூபா ஐந்து இலட்சம்" என்று அச்சிடப்பட்டிருந்தது. மகனின் பெயர் இருந்தது. பணம் பெற்றவரின் கையொப்பம், கோழி கிண்டியதுபோல, இருந்தது. வேலை கொடுப்பவர் யார் என்பது இல்லை. அனுமதிப்பத்திர இலக்கம் இல்லை. அந்த ஐந்து இலட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "சேமலாபப் பணம் ஐயா" என்றார். முப்பத்தொரு ஆண்டுகள் அட்டைக்கடிக்கும் மழைக்கும் நடுவே பறித்த கொழுந்தெல்லாம் அந்த ஒற்றைத் தாளாக என் மேசைமீது கிடந்தது. வழக்கு நடைபெற்று வருவதால் மேலும் கூறுதல் முறையன்று. ஆயினும் ஒன்று சொல்வேன். அந்தப் பிள்ளைக்குப் பட்டம் இல்லை. அமெரிக்காவில் அவனை அழைக்கும் நிறுவனமும் இல்லை. இவ்விரண்டும் இல்லாத ஒருவனை அந்தக் குலுக்கலில் எவராலும் சேர்க்கவே இயலாது.

ஆதலின் முதலில் இதைத் தெளிவாக்கிக் கொள்வோம். எச்-1பி குலுக்கலில் வேலை தேடுபவன் தானாகச் சேர முடியாது. அங்கே தொழில் நடத்தும் நிறுவனமே அவன் பெயரை முன்பதிவு செய்ய வேண்டும். பச்சை அட்டைக் குலுக்கல் என்று நம்மவர் நெடுங்காலம் அறிந்திருந்த ஒன்றில் தனியாள் தன் பெயரைத் தானே பதிந்தான். அது வேறு, இது வேறு. இதில் சீட்டு எடுப்பவர் தொழில்கொள்வோர்.

1990ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் இந்த விசாவை உண்டாக்கி, ஆண்டுக்கு 65,000 என்று வரம்பிட்டது. இடையில் சில ஆண்டுகள் அவ்வரம்பு 195,000 வரை உயர்ந்து, 2004இல் பழைய நிலைக்கே இறங்கியது. அதன்பின், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுமாணிப் பட்டமோ அதனினும் உயர்ந்ததோ பெற்றவர்களுக்கென்று 20,000 தனியாகச் சேர்க்கப்பட்டது. ஆக, 85,000 இடங்கள். நாடுவோர் எத்தனை பேர்? 2023 மார்ச்சில் தகுதியான முன்பதிவுகள் 758,994. ஒரே ஆளின் பெயரைப் பல நிறுவனங்கள் பதிந்து சீட்டைப் பெருக்கிக்கொண்ட சூழ்ச்சியும் அந்தத் தொகைக்குள் இருந்தது. 2024 முதல் முன்பதிவுகளை எண்ணாமல் ஆட்களை எண்ணிக் குலுக்கினார்கள். உடனே தொகை 470,342 ஆகச் சரிந்தது. 2025 மார்ச்சில் 343,981, தெரிவானவை 120,141. தெரிவானோர் எல்லோரும் மனுச் செய்வதில்லை, செய்வோர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அதனாலேயே இடங்களைவிடக் கூடுதலாகத் தெரிவு செய்கிறார்கள்.

இனி, வெளிநாட்டில் நிறுவனம் நடத்தும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். நம் பிள்ளைகள் ஒருவரிருவரையாவது அழைத்துக்கொள்ள வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு நீங்கள் இக்கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். அந்த நல்லெண்ணத்துக்கு நன்றி. ஆனால் நல்லெண்ணம் மட்டும் கொண்டு மார்ச் மாதத்தில் கண் விழிப்பவர் தோற்பார்.

முன்பதிவு மார்ச் மாதத்தில் திறக்கும். குறைந்தது 14 நாட்கள் திறந்திருக்கும். ஓர் ஆளுக்குக் கட்டணம் 215 டொலர். 2024 வரை அது 10 டொலராக இருந்தது. படிவத்தில் கேட்கும் விவரங்கள் கொஞ்சமே. 2020க்கு முன்னர் கட்டுக்கட்டாக முழு மனுவையும் அனுப்பிவிட்டே குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று பத்து நிமிட வேலை. இந்த எளிமைதான் பலரை ஏமாற்றுகின்றது. தெரிவானால் ஏப்ரல் 1 முதல் குறைந்தது 90 நாட்களுக்குள் முழு மனுவையும் தாக்கல் செய்தாக வேண்டும். அதற்குமுன் அமெரிக்கத் தொழில் திணைக்களத்தின் அத்தாட்சி வேண்டும். அத்திணைக்களம் தொழில் நிபந்தனை விண்ணப்பத்தைப் பரிசீலிக்க ஏழு வேலைநாட்கள் எடுக்கும். முதன்முறை விண்ணப்பிக்கும் சிறு நிறுவனமாயின் அதன் வரி இலக்கத்தையே முதலில் சரிபார்ப்பார்கள். அதிலும் நாட்கள் கழியும். ஒக்டோபர் 1இல் வேலை தொடங்க வேண்டும் என்றால், முந்திய ஆண்டு தீபாவளி முடிந்த கையோடு ஆயத்தம் தொடங்க வேண்டும் என்பதே என் கணக்கு.

ஆயத்தம் என்றால் என்ன? எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறீர்கள் என்பதை எழுத்தில் வையுங்கள். அந்த வேலைக்கு ஒரு குறிப்பிட்ட துறையில் நான்கு ஆண்டுப் பட்டம் இன்றியமையாதது என்று காட்டக்கூடியதாக அவ்வெழுத்து இருக்க வேண்டும். "எல்லா வேலையும் பார்ப்பான், நல்ல பையன்" என்பது நற்சான்றிதழாகலாம். அந்த மனுவுக்கு அது விஷம். நம் நாட்டு மூன்றாண்டுப் பொதுப் பட்டம் தனித்து நின்றால் அங்கு நான்காண்டுப் பட்டத்துக்கு ஈடாகாது. குறையும் ஓராண்டுக்கு மூன்றாண்டுத் துறைசார் அனுபவம் என்ற அளவில் ஈடு செய்ய வழியுண்டு. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005இல் தோன்றியது முதல் நம் மலையடிவாரத்திலேயே நான்காண்டுப் பட்டம் பெறும் வாய்ப்பு வந்திருக்கின்றது. அதைப் பெற்றோரும் நினைவிற் கொள்க.

அடுத்தது சம்பளம். அந்த வேலைக்கு அந்த ஊரில் நிலவும் சம்பளம், உங்கள் நிறுவனத்தில் அதே வேலை செய்யும் ஏனையோர் பெறும் சம்பளம், இவ்விரண்டில் எது கூடியதோ அதைக் கொடுத்தாக வேண்டும். நிலவும் சம்பளத்தை நான்கு படிகளாக வகுத்திருக்கிறார்கள். 2025 டிசெம்பர் இறுதியில் வெளியாகி 2026 பெப்ரவரி 27 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதியின்படி, நான்காம் படிச் சம்பளக்காரனின் பெயர் குலுக்கலில் நான்கு முறை இடப்படும். மூன்றாம் படிக்கு மூன்று, இரண்டாம் படிக்கு இரண்டு, முதற்படிக்கு ஒன்று. படிப்பை அப்போதுதான் முடித்து வெளிவரும் இளைஞன் முதற்படியிலேதான் நிற்பான். எல்லோருக்கும் ஒரே சீட்டு என்றிருந்த குருட்டு அதிர்ஷ்டமாவது ஏழைப் பிள்ளையைப் பாகுபடுத்தவில்லை. இந்த எடை போட்ட அதிர்ஷ்டம் பாகுபடுத்துகின்றது. சீட்டுக்காக மேற்படியைக் காட்டிப் பதிந்துவிட்டு, மனுச் செய்யும்போது சம்பளத்தைக் குறைக்கலாம் என்று எவரேனும் உங்களுக்கு யோசனை சொன்னால், அந்த ஆலோசகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மனு தள்ளப்படும், பிள்ளையின் பெயரும் கெடும்.

செலவைப்பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகின்றேன். ஏனெனில் இது நமக்குப் புதிய வழக்கன்று. நம் பாட்டன்மார் காலத்து வழக்கு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் முன்னோர் கடல் கடந்து வந்தபோது, ஆளுக்கொரு தகரத் துண்டு கொடுத்தார்கள். தோட்டத்தின் இலக்கம் அதில் பொறித்திருந்தது. 'டின் டிக்கட்' என்று தோட்ட வரலாற்றில் பெயர் பெற்றது அதுவே. அதைக் காட்டினால் வழியில் சோறு, இரயில், கப்பல் எல்லாம் கடனாகக் கிடைக்கும். பார்த்தவர்களுக்கு அது தருமமாகவே தோன்றியிருக்கும். ஆனால் செலவு தோட்டத்தின் கணக்கிலே விழுந்து, தோட்டத்திலிருந்து கங்காணியின் கணக்கிற்கு இறங்கி, கங்காணியிடமிருந்து தொழிலாளியின் தலையிலே வந்து உட்கார்ந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டம் போக வேண்டுமாயின், கடன் இவ்வளவு என்று எழுதிய 'துண்டு' கூடவே போகும். கடனைக் கட்டும் துரைக்கு ஆள் சொந்தம். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. 1923 முதல், ஆட்சேர்ப்புச் செலவுக்குத் தோட்டங்களே பணமிடும் குடிவரவு நிதி ஒன்று ஏற்பட்டு, அச்செலவைத் தொழிலாளியிடமிருந்து அறவிடலாகாது என்ற நிலை பிறந்தது. ஆளை வேண்டுபவனே அழைத்துவரும் செலவைத் தாங்க வேண்டும் என்ற நியாயம், நூறாண்டுகளுக்கு முன் நம் மக்களின் முதுகில் எழுதப்பட்ட நியாயம்.

இன்று அமெரிக்கச் சட்டமும் இதில் நம் பக்கமே நிற்கின்றது. தொழிற்பயிற்சி நிதிக்கென நிறுவனம் கட்டும் 750 அல்லது 1,500 டொலரைத் தொழிலாளியிடம் அறவிடுதல் குற்றம். மோசடித் தடுப்புக் கட்டணமான 500 டொலரும் நிறுவனத்தின் பொறுப்பே. மனுவுக்குரிய சட்டத்தரணியின் கட்டணத்தைத் தொழிலாளியின் தலையில் கட்டி, அதனால் அவன் கைக்கு வரும் சம்பளம் சட்டப்படியான அளவிற்குக் கீழே இறங்குமாயின் அதுவும் கூடாது. வேலை இல்லை, வீட்டிலிரு என்று நிறுவனம் சொல்லும் நாட்களுக்கும் சம்பளம் உண்டு. காலத்துக்கு முன் விலகினான் என்பதற்காகத் தண்டம் விதிப்பதையும் அச்சட்டம் தடுக்கின்றது. ஆகவே, அன்பர்களே, உங்களில் எவரும் "நான் அழைக்கிறேன், செலவை மட்டும் ஊரிலே புரட்டித் தரட்டும்" என்று சொல்வீர்களாயின், கங்காணி போய்விட்டார், கணக்குப் புத்தகம் மட்டும் கைமாறியிருக்கின்றது என்றே நான் கருதுவேன். கடுமையாகப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். என் மேசைமீது கிடந்த அந்தப் பற்றுச்சீட்டை நீங்கள் பார்க்கவில்லை.

இங்கே இன்னொரு பெருந் தடையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 2025 செப்டெம்பர் 19ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஒரு பிரகடனத்தில் கையொப்பமிட்டார். செப்டெம்பர் 21 முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு, வெளிநாட்டிலிருக்கும் ஒருவரை அழைக்கப் புதிதாகச் செய்யப்படும் எச்-1பி மனு ஒவ்வொன்றுக்கும் நிறுவனம் 100,000 டொலர் செலுத்த வேண்டும் என்பதே அது. நம் பணத்தில் மூன்று கோடி ரூபாவுக்கு மேல். அமெரிக்காவிலேயே மாணவராக இருந்துகொண்டு விசா நிலையை மாற்றிக்கொள்வோருக்கு இக்கட்டணம் இல்லை என்று ஒக்டோபர் 20ஆம் திகதி விளக்கம் வந்தது. இதன் பொருள் என்ன? அங்கே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வழி திறந்திருந்தது. லுணுகலையில் இருக்கும் பிள்ளைக்கு மூன்று கோடி ரூபாக் கதவு. அப்படியிருக்க, "ஐந்து இலட்சம் தாருங்கள், சீட்டு நிச்சயம்" என்று இக்காலத்திலும் ஒருவன் சொல்வானாயின், அவனுடைய கணிதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அத்தடை நீடிக்கப்படுகின்றதா, தளர்த்தப்படுகின்றதா என்பதை ஒவ்வொரு மார்ச்சுக்கும் முன் தொழில்கொள்வோர் தம் சட்டத்தரணியிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பத்திரங்களைப்பற்றி இனிப் பேசுகின்றேன். இளைஞர்கள் செவி கொடுக்க.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தை நம்மில் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். மணமானவர் 7 ஆண்டுகள், மணமாகாதவர் 10 ஆண்டுகள், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பிப்பதா, பகிஷ்கரிப்பதா என்ற வாதத்தில் நம் தலைவர்கள் அரிய மாதங்களைக் கழித்தார்கள். அரசியல் இயக்கம் நடத்துபவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகவே இருக்கின்றது. 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதி கதவு மூடப்படுவதற்கு முன், ஈற்று மாதங்களில் விண்ணப்பங்கள் மலைபோற் குவிந்தன. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பித்தார்கள். பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 134,000 பேர் மட்டுமே. என் பாட்டனாரும் விண்ணப்பித்தவரே. பிரசவத்துக்காக ஊருக்குப் போன பாட்டியார் ஓராண்டு கடந்து திரும்பினார். செக்றோலில் அந்த மாதங்களுக்கெதிரே வெற்றிடம். அவ்வெற்றிடத்தைக் காட்டி விண்ணப்பத்தைத் தள்ளினார்கள். அவர் நாடற்றவராகவே கண்மூடினார். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது அவர் புதைக்கப்பட்ட மேட்டில் தேயிலை வளர்ந்திருந்தது.

தொழில்கொள்வோர் வைத்திருந்த ஏடு ஒரு குடும்பத்தின் தலைவிதியை எழுதிற்று. இன்றைய விசாவிலும் அப்படியே. முன்பதிவில் இடப்படும் பெயரும் பிறந்த நாளும் இலக்கமும் கடவுச்சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரே கடவுச்சீட்டு. நம் தமிழ்ப் பெயர் இங்கேதான் இடறுகின்றது. தந்தை பெயர் எது, பிள்ளை பெயர் எது என்று அந்நியர்க்குத் தெரியாது. பிறப்புச் சான்றிதழில் 'சிவகாமி', அடையாள அட்டையில் 'சிவகாமியம்மா', பாடசாலைச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டல். தோட்டத்தில் பிறந்தவர் பத்திரங்களைப் புரட்டும் எந்தச் சட்டத்தரணியும் இதைத் தினமும் காண்பான். திருத்த வேண்டியதைப் பதிவாளர் அலுவலகத்தில் இன்றே திருத்துங்கள். மார்ச்சில் ஓடுவதற்கு நேரமிராது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது பதுளை மாவட்டத்தில் சரிந்த மண்ணோடு எத்தனையோ வீடுகளின் தகரப் பெட்டிகளும் போயின. உயிர் தப்பியதே பெரிது என்று பத்திரங்களை மறந்திருப்பீர்கள். பிரதிகளைப் பெறுதல் கூடும். பிரதேச செயலகத்தில் கேளுங்கள். ஆளை எடுக்க எண்ணும் நிறுவனத்தாரும், டிசெம்பரிலேயே பிள்ளையின் கடவுச்சீட்டுப் பிரதியை வாங்கிப் பட்டச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறை தெரிந்தால் திருத்த மூன்று மாதம் இருக்கும்.

பெற்றோர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கம். வெளிநாட்டு வேலை என்று எவர் வந்தாலும், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வழங்கிய அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லாமல் ஆட்சேர்ப்பது குற்றம். இலக்கத்தைக் குறித்துக்கொண்டு பணியகத்தில் விசாரியுங்கள். எந்த நிறுவனம், எந்த ஊர், என்ன சம்பளம் என்று எழுத்தில் கேளுங்கள். கொரிய வேலை என்றால், அது இரு அரசுகளுக்கிடையே நடக்கும் ஏற்பாடு. மொழித் தேர்வு எழுதித் தேற வேண்டும். இடைத்தரகனுக்கு அதில் இடமேயில்லை. தேறிப் பட்டியலில் ஏறிய பின்னரும் அங்குள்ள முதலாளி ஒருவர் தெரிந்தெடுத்தாலன்றி அழைப்பு வராது. இதையும் மறைத்துக் காசு பிடுங்குவோர் உண்டு.

பேசத் தொடங்குமுன் ஓர் இளைஞர் ஒரு தாளில் கேள்வி எழுதி அனுப்பினார். "ஐயா, இவ்வளவு சொல்கிறீர்களே, நாங்கள் போக வேண்டுமா, வேண்டாமா?" என்று. தம்பி, அது உன் உரிமை. கடல் கடந்து வந்த கூட்டத்தின் பேரன் நான். போகாதே என்று உனக்குச் சொல்ல எனக்கு வாயில்லை. உன் தாயின் சேமலாபப் பணத்தில் போகாதே என்று மட்டும் சொல்வேன். உன்னை வேண்டுகிற நிறுவனம் தன் பணத்தில் உன்னை அழைக்கட்டும்.

கூட்டம் முடிந்ததும் பின்புற அறையில் இரவு எட்டு மணிவரை இருப்பேன். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் கொண்டு வந்திருப்போர் வரிசையாக வாருங்கள். பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்துத் தருகின்றேன். மடூல்சீமைப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் முன்னே வரட்டும்.